ஓட்டிவிட்ட பதினொரு நிமிடம்

சாரல் நகரில், பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று பெரியவர்கள் ரிமோட்டை அழுத்தி வேகமாக ஓட்டிவிட்ட காட்சி, மழை இருந்தால் மூன்றாம் நாள் அந்த வீட்டுக்கே வந்து நடந்துவிட்டுப் போகும். நாங்கள் குடிவந்த அன்று, மேல்தொட்டிக்கு எப்போது தண்ணீர் ஏறும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று அவர்கள்மேல் பழி போட முடியாது. அன்றைக்கு அது அவர்களுக்கே தெரியாது.

செங்கோட்டையைத் தாண்டி மலையின் காலடியில், ஓடைக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடு, அதுதான் சாரல் நகர். தார்ச்சாலையிலிருந்து உள்ளே வர ஒரே ஒரு சிமென்ட் பாலம், ஆட்டோ ஒன்று வந்தால் எதிரே வருகிற சைக்கிள் நின்றுதான் போகவேண்டும். ஆனி பிறந்தால் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், காற்றுக்குப் பின்னால் சாரல் இறங்கும், சாரலுக்குப் பின்னால் செல்போன் கோபுரம் செத்துப்போகும், நெட் போகும், கரண்ட் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்துக்கொள்ளும். அதனால் மற்ற ஊர்கள் மறந்துபோன டிவிடி தட்டுகள் இங்கே இன்னும் சாகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பீர் மைதீன் பாய் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒருவர் குடையோடு நின்று, "பாய், பிள்ளையளோட பாக்க மாரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பார்கள்.

"பிள்ளையளோட பாக்க படம்னு ஒண்ணுங் கெடயாது, கேட்டியளா," என்பார் பாய். "பிள்ளையளோட பாதி பாக்க படந்தான் உண்டு. மிச்சத்த ஓட்டிருங்க."

ஓட்டிவிடுவது இந்தக் காலனியில் ஒரு குடும்பப் பொறுப்பு, அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்பது மாதிரி. வீட்டுக்கு வீடு ஓட்டுகிற ஆள் என்று ஒருவர் உண்டு, பெரும்பாலும் அப்பா, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தபடியே படம் பார்க்கிறவர். முத்தம் வரப்போகிறது, குடித்துவிட்டு ஒருத்தன் வரப்போகிறான், அம்மா பொட்டை அழிக்கப்போகிறாள் என்பதை இசையிலேயே மோப்பம் பிடித்து, "கண்ண மூடு" என்று ஒரு சத்தம் கொடுத்து, பட்டனை அழுத்தி, திரையில் எல்லோரும் எறும்பு மாதிரி ஓடி ஓடித் துக்கப்பட்டு முடித்ததும் கையை எடுப்பவர்.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டைவிரல் என்னுடையது. இருபத்தோரு வருடம் மஸ்கட்டில் நிலம் அளந்துவிட்டு, மனைவி கோமதியையும், பதினொரு வயது நறுமுகையையும், ஆறு வயது அகிலனையும் கூட்டிக்கொண்டு வைகாசிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தேன். என் பிள்ளைகள் மழையை அதுவரை சினிமாவில்தான் அதிகம் பார்த்திருந்தார்கள், அதனால் முதல் சாரல் விழுந்த சனிக்கிழமை இரண்டும் ஜன்னலுக்கும் டிவிக்கும் மாறி மாறி ஓடி, எது வெளியே எது உள்ளே என்று குழம்பிக் கத்தின.

அன்று நான் எடுத்து வந்தது மேலட்டை இல்லாத ஒரு தட்டு. பாய் தன் தட்டுகளை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார், காகித உறையில் கறுப்பு மையால் 'சுமார்' என்று எழுதியது ஒரு பெட்டி, 'நல்லது' என்று எழுதியது ஒரு பெட்டி. நான் நல்லது எடுத்தேன். ஓடைக் கரையில் ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு பலகைப் பாலம், அப்பா, அம்மா, பெண், பையன், வாசற்படியில் நாலு ஜோடிச் செருப்பு. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பக்கம் படுப்பது என்று தகராறு செய்கிறார்கள், அப்பா காலண்டர் தாளில் கப்பல் செய்கிறார். ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் நாங்கள் நாலு பேரும் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்துவிட்டோம். நல்ல படம் என்பது அதுதான் என்று நினைக்கிறேன், அது நம்மை ஒன்றும் செய்யாமல் உட்காரவைத்து, நம் வீட்டை நமக்கே கொஞ்சம் பிரியமாக்கிக் காட்டி, பிறகு நம்மிடமிருந்து எதை எடுப்பது என்று யோசிக்கும்.

படத்தில் மழை பிடித்தது. இசை நின்றது. பையன் கப்பலோடு பாலத்துக்குப் போனான். அகிலன் என் மடியில் ஏறி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"ஏங்க, ஓட்டுங்க," என்றாள் கோமதி. "பிள்ள நடுங்குதான்."

ஓட்டினேன். பதினொரு நிமிடம். விரலை எடுத்தபோது படத்தில் மழை விட்டிருந்தது, வாசற்படியில் மூன்று ஜோடிச் செருப்பு இருந்தது. அகிலன் அழத் தொடங்கியதால் டிவியை அணைத்துவிட்டேன்.

"யாருப்பா செத்தா?" என்றாள் முகை.

"யாரும் சாகல. செருப்பு தண்ணில போயிருக்கும்," என்றேன்.

திங்கட்கிழமை தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் அடித்தது.

முதல் காட்சி வந்தது அடுத்த வீட்டுக்கு. அங்கே இருக்கும் சண்முகவடிவு கணவரை இழந்தவள், மூத்தவன் இசக்கிராஜ் குவைத்தில் வேலை பார்க்கிறான், இளையது இரண்டும் பள்ளிக்கூடம் போகிற பெண்கள். ஆனி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாரலில், கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவன் அவள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து, அலமாரியிலிருந்து ஏழு பீங்கான் தட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு உடைத்து, "என்னய யாரு மனுசனா மதிச்சா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டு, குந்தி உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து போனான். பாலத்தைத் தாண்டியவனைத் தார்ச்சாலையில் யாரும் பார்க்கவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளும்போதுதான் சண்முகவடிவுக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது.

"சனிக்கிழம நான் ஓட்டிவிட்ட சித்தப்பன்லா இவன்," என்று அவள் கோமதியிடம் சொன்னாள். "இம்புட்டுத்தான் செஞ்சிருக்கான் பாவம். இதுக்குப் போயி ஓட்டினேனே மயினி."

அடுத்த வாரம் கணக்கு வாத்தியார் ராயப்பன் சார் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஆணும் பெண்ணும் மழையில் நனைந்தபடி நாலரை நிமிடம் ஆடினார்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. காலனித் தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சி, முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர் வீட்டு வாசலில் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்து முழுதும் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இதையா பிள்ளையளுக்குக் காட்டாம வச்சிருந்தீரு? நல்லாத்தான இருக்கு," என்றார்.

ராயப்பன் சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, துணி காயப்போட்ட கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி முடிவதற்குள் பதினாலு வீட்டில் ஒன்பது வீட்டுக்குக் காட்சி வந்துவிட்டது. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஓணான் கூரையிலிருந்து விழுவதைப் போல, திடீரென்று விருந்தாள் வருவதைப் போல எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கூடுதலாக ஒரு படி அரிசி போட்டார்கள், உடையக்கூடியதை மேலே எடுத்து வைத்தார்கள், சனிக்கிழமை என்ன ஓட்டினோம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ராயப்பன் சார்தான் கணக்குப் போட்டு மருந்தைக் கண்டுபிடித்தார். பாம்பு கடிக்கிற காட்சி ஒன்றை ஓட்டிவிட்டு, பயந்துபோய், திங்கட்கிழமை அதே தட்டை மறுபடி வாங்கிவந்து, தன் மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கண் திறந்து பார்க்கவைத்தார். செவ்வாய்க்கிழமை பாம்பு வந்தது. வாசல்வரை வந்து, தலையைத் தூக்கி, ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டதைப் போலத் திரும்பிப் போய்விட்டது.

அதன் பிறகுதான் கூட்டம் போட்டார்கள். இனி வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லா வீட்டு ரிமோட்டையும் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, திங்கட்கிழமை வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பார். இன்னொன்று, 'நல்லது' பெட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. பீர் மைதீன் பாய் கடையில் சுமார் படங்களுக்கு அடிதடி வந்தது. கிளி பேசுகிற படம், நாய் கிரிக்கெட் ஆடுகிற படம், குடும்பமே சுற்றுலா போய்ப் பையைத் தொலைத்துப் பையைக் கண்டுபிடித்துத் திரும்புகிற படம். மோசமான படத்தில் ஓட்டிவிட ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் அதே இடத்தில் அதே மாதிரி சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம், முறுக்கைக் கடிக்க யாரும் மறக்கவில்லை. ஆடி முழுக்க அப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை முகை என்னிடம், "இந்த வீட்ல யாருக்கும் ஒண்ணுமே ஆகாதாப்பா?" என்று கேட்டாள், படத்தில் வரும் வீட்டைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு, ஆகாது என்றேன்.

சண்முகவடிவு மட்டும் நல்லது பெட்டிக்கு ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தாள். பிரிந்துபோன மகன் திரும்பி வருகிற படங்களாகப் பார்த்து எடுத்தாள், ரிமோட்டுக்குப் பதில் டிவிடி பெட்டியின் மேலேயே இருக்கும் பட்டனை அழுத்தி அந்த இடத்தை ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை மகன் வந்தான். வேறு யாரோ பெற்ற மகன், வேறு ஊர்ப் பேச்சு, ஆனால் "அம்மா" என்று கூப்பிட்டுக் காலில் விழுந்தான், இரண்டு இட்லி தின்றான், காட்சி முடிந்ததும் கை கழுவாமல் எழுந்து போனான். அடுத்த வாரம் இன்னொரு மகன். அதற்கும் அடுத்த வாரம் வந்தவனுக்கு இசக்கிராஜின் முகம் இருந்தது, இசக்கிராஜின் நெற்றித் தழும்பு இருந்தது, அவள் ஊட்டிவிட்ட மூன்றாவது இட்லியை வேண்டாம் என்று இசக்கிராஜ் மாதிரியே முகத்தைத் திருப்பினான். அன்று பொழுது சாயும்போது சாரல் விட்டுக் கோபுரம் உயிர்பெற்றதும் குவைத்திலிருந்து போன் வந்தது.

"எம்மா, மத்தியானம் வேலை எடத்துல அப்பிடியே காணாமப் போயிட்டேன்னு சொல்லுதானுவம்மா. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்கு. இங்க ஏதும்மா மழ?"

அவள் அதை எங்களிடம் வந்து சொன்னபோது அண்ணாச்சியும் ராயப்பன் சாரும் இருந்தார்கள். முதலில் காட்சிகள் தங்கள் ஆட்களைத் தாங்களே கூட்டிவந்தன. இப்போது அவற்றுக்கு எங்கள் ஆட்கள் போதும் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் நான், வெட்கத்தோடு, முதல் சனிக்கிழமை ஓட்டிய பதினொரு நிமிடத்தையும் நாலு ஜோடிச் செருப்பு மூன்று ஜோடியானதையும் சொன்னேன்.

"வரலியே இன்னும்?" என்றார் அண்ணாச்சி.

"வரல."

"அது சாரலுக்கு வராது ஆவுடையப்பன் சார்," என்றார் ராயப்பன் சார் மெதுவாக. "படத்துல என்ன மழையோ அந்த மழைக்குத்தான் வரும். அது ஐப்பசி மழை மாரில்லா தெரியுது."

அன்றிலிருந்து எங்கள் வீடு காலனிக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது. கேட்காமலே மீன்குழம்பு வந்தது, பிள்ளைகளைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எங்கள் வாசற்படியை ஓரக்கண்ணால் எண்ணிவிட்டுப் போனார்கள். ஐப்பசிக்கு இரண்டு மாதம் இருந்தது, அதை எல்லோரும் எங்கள் முன்னால் புரட்டாசிக்கு அப்புறம் என்று சொன்னார்கள். மூன்று ஜோடியில் எது இல்லை என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சின்னச் செருப்பு இருந்தது என்றாள் முகை, பெரிய செருப்புதான் இருந்தது என்றான் கண்ணை மூடியிருந்த அகிலன், கோமதி தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் செங்கோட்டைக்குப் போய் எங்கள் நாலு பேருக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு ரப்பர் செருப்பு வாங்கி வந்தாள்.

"எது யாருதுன்னு அதுக்குத் தெரியப்பிடாது," என்றாள்.

ஒரு வாரத்தில் பதினாலு வீட்டு வாசலிலும் அதே கறுப்பு ரப்பர் செருப்பு. எது எந்த வீடு என்று தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொண்டு போய், அளவு பொருந்தாமல் நடந்து, காலனி முழுக்க ஒரே மாதிரி நொண்டினோம்.

பீர் மைதீன் பாயும் தேடினார். அந்தத் தட்டைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் எடுத்துப் போயிருந்தார், அங்கிருந்து யாரோ கைமறதியாகத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பாய் தெரிந்த கடைக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்த மூன்றாவது சனிக்கிழமை, காலையிலிருந்தே மலை தெரியவில்லை, ஓடையின் சத்தம் வீட்டுக்குள் ஒரு ஆளைப் போல வந்து உட்கார்ந்துகொண்டது, பாய் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு பாலத்தில் ஓடி வந்தார்.

"இந்தாரும் தம்பி. படிச்சவரு நீரு, ஓட்டிவிடாமப் பாரும்."

காலனியே எங்கள் கூடத்துக்கு வந்தது. பின்னால் சுவரோரம் நின்றார்கள், பார்ப்பதற்கு இல்லை, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்ப்பதற்கு. ரிமோட்டுகள் டின்னோடு அண்ணாச்சி மடியில். அகிலன் என் மடியில்.

"ஏலே அகிலு," என்றாள் சண்முகவடிவு. "கண்ண மூடின, உம் பங்கு முறுக்க நான் தின்னுருவேன் பாத்துக்க."

"மூட மாட்டேன் அத்தை," என்றான் அவன்.

படத்தில் மழை பிடித்தது. இசை நின்றது. பையன் கப்பலோடு பாலத்துக்குப் போனான். அகிலன் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான், இமையில் அவன் உயிரே நின்றது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் பலகையின் மேல் ஏறியது. அப்பா ஓடி வந்தார். பையனைத் தூக்கி, கரையில் நின்ற அம்மாவின் கைக்கு எறிந்தார். அவர் வரலாம், இரண்டு எட்டு, வந்துவிடலாம், ஆனால் அவர் பாலத்தின் நடுவில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பியபோது எந்தச் செருப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடமாகச் செய்து பழகிய கை, என்னைக் கேட்காமல் எழுந்து அகிலனின் கண்ணைப் பொத்தியது.

"அப்பா, கை," என்றாள் முகை.

எடுத்துவிட்டேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். திரையில் பாலம் காலியாக இருந்தது. பின்னால் ஓட்டி அந்த இடத்தை அவனுக்குக் காட்ட நான் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன், அண்ணாச்சி டின்னைத் திறந்தார், கரண்ட் போயிற்று. எந்தக் காற்றுக்கும் போகாத கரண்ட்.

ராயப்பன் சார் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். கரண்ட் இல்லாமல் பெட்டி வாயைத் திறக்கவில்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பஸ் கதவு சிக்கினால் நெம்பித் திறந்த பழக்கத்தில் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார், தட்டு இரண்டு துண்டாக வெளியே வந்தது.

அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல்முறையாகச் சில்லறை தவறவிட்டவரைப் போல நின்றார். "தம்பி," என்றார்.

அந்த ஒரு மூச்சில் என்ன நடந்தது என்பதை அகிலனுக்கு எல்லோரும் சொன்னார்கள். அப்பா கை அசைத்தார் என்றார் ஒருவர், சிரித்தார் என்றார் ஒருவர், பலகை உடைந்தது என்றும், இல்லை, பலகை உடையவே இல்லை, அவரே இறங்கிப் போனார் என்றும் சொன்னார்கள். கோமதி பார்த்திருந்தாள். அவளிடம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பார்க்கவில்லை, அந்த மூச்சு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை.

ஞாயிறு மழை, திங்கள் மழை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளின் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். என் செருப்பைச் சண்முகவடிவு தன் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்திருந்தாள். என் இரண்டு பக்கமும் ராயப்பன் சாரும் பாயும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "ஒன்னுக்குப் போகணும்னாலும் மூணு பேராத்தான் போறோம் சார்," என்றார் ராயப்பன் சார். யாரோ சிரித்தார்கள். கோமதி உப்புமா கிண்டி எல்லோருக்கும் வாழையிலையில் வைத்தாள், நான் இரண்டாவது வாய் எடுத்தேன்.

மூன்றாவது வாய்க்கு நான் பாலத்தில் இருந்தேன்.

நடந்து போகவில்லை, கதவு திறக்கவில்லை. காட்சிக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை. எங்கள் சிமென்ட் பாலம் அன்று பலகைப் பாலமாக இருந்தது, என் காலில் வேறு ஒருவருடைய தோல் செருப்பு இருந்தது, கணுக்காலுக்கு மேல் தண்ணீர், காதில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன். திரும்பக் கூடாது என்று நினைத்தபடியே திரும்பினேன், கழுத்து என் கழுத்தாக இல்லை. வாசலில் எல்லோரும் நின்றார்கள். ராயப்பன் சாரும் பாயும் இன்னும் கையைக் கோத்தபடி, நடுவில் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். முகை வாயைத் திறந்து எதையோ கத்தினாள். அகிலன் படியில் நின்று, நான் பழக்கியதைப் போலவே, இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தான்.

காலடியில் முதல் பலகை போயிற்று.

அவன் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. கோமதி மண்டியிட்டு அவன் காதில் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பின்னால் முகைதான் எனக்குச் சொன்னாள்: "அப்பா உன்னயத்தான் பாக்காரு. நீயும் பாரு. நான் சொல்லும்வரை மூடாத."

இரண்டாவது பலகை போயிற்று. அகிலன் விரல்களை விலக்கினான். அவ்வளவு தூரத்தில், அந்த மழையில், ஒருவனுடைய கண் தெரியாது, எனக்குத் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான், சிமிட்டாமல், மழை நேராக அதற்குள் விழ விழப் பார்த்தான், அவன் பார்க்கப் பார்க்க என் காலுக்குக் கீழே இருந்த ஒரே ஒரு பலகை மட்டும் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம் என்றுதான் கணக்கு. பிறகு நான் வாசற்படியில் இருந்தேன், இடுப்புவரை நனைந்து, கையில் உப்புமாவோடு. ஓடையின் மேல் பலகைப் பாலமும் இல்லை, எங்கள் சிமென்ட் பாலமும் இல்லை.

மூன்றாவது நாள் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டிப் பால்பாக்கெட் அனுப்பினார்கள். மாதக் கடைசியில் இரும்பில் தற்காலிகப் பாலம் வந்தது. சண்முகவடிவு அரிசி டிரம்மைக் கிளறிப் பார்த்தபோது என் செருப்பில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கழுவி, எங்கள் வாசற்படியில் மற்ற மூன்று ஜோடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்படியே இருக்கிறது, எடுப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அகிலன் அதற்குப் பிறகு கண்ணை மூடவில்லை. தூங்குகிறான், மூச்சு சீராக வருகிறது, குறட்டைகூட விடுகிறான், கண் திறந்திருக்கிறது. மூடலாம் என்று கோமதி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். திருநெல்வேலியில் காட்டினோம், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொட்டுமருந்து எழுதிக்கொடுத்தார்கள். காலனியில் அதையும் பழகிக்கொண்டார்கள், அவனைத் தாண்டிப் போகும்போது முகத்துக்கு நேரே தூசி கிளம்பாமல் மெதுவாகக் காலை வைக்கிறார்கள்.

மழை பெய்கிற சனிக்கிழமைகளில் இப்போதும் படம் பார்க்கிறோம். ரிமோட் டின்னுக்குப் போய்விடும், சுமார் பெட்டியிலிருந்து கிளியோ நாயோ வரும், முகை சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அகிலன் என் மடிக்கு வருவதில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி, எனக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, படம் தொடங்கி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் முகை அவனைக் காலால் இடித்தாள். "எல, படத்தப் பாருல. அங்க என்னத்தப் பாக்க?"

"படத்தத்தான் பாக்கேன்," என்றான் அவன், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் முடிஞ்சுதுன்னு போடலல்லா."